அண்ணையின் பேரில் வந்த குளிசைகள்

இந்த நாட்டில் ஒருவருக்கு அறுபத்தைந்து வயது நெருங்கும்போது அரசாங்கம் தானாகவே கடிதம் எழுதுகிறது. என் தகப்பனாருக்கும் ஒன்று வந்தது. நாங்கள் அவரை ஐயா என்றுதான் கூப்பிடுவோம். தீவிலிருந்த எங்கள் ஊரான சுருவிலை விட்டு இடம்பெயர்ந்து அலைந்தவரை நாங்கள் கனடாவுக்கு எடுப்பித்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. கேட்காமல் வரும் அரசாங்கக் கடிதத்தை ஊர்ப் பழக்கத்தில் பயந்து பயந்துதான் உடைத்தேன். வந்திருந்தது நல்ல செய்தி.

பெற்றோரை எடுப்பிக்கக் காத்திருப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இங்கே அரசாங்கக் காப்புறுதி டொக்டருக்கும் ஆசுபத்திரிக்கும்தான். எழுதித் தரும் குளிசையை நாங்களே வாங்க வேண்டும். என் கணவரின் வேலையிடத்தில் மேலதிகக் காப்புறுதி உண்டு. அது எனக்கும் பிள்ளைகளுக்கும் உதவும், தாய் தகப்பனைச் சேர்க்காது. அறுபத்தைந்து வயதானால் மட்டும் குளிசைச் செலவையும் அரசாங்கமே ஏற்கும். ஐயாவுக்கு இருதய வருத்தம். நாலு விதக் குளிசை. அதுவரை நாங்கள் காசு கொடுத்து வாங்கியதை ஒழுங்காக விழுங்கி வந்தார்.

"ஐயா, இனி உங்கட குளிசைக்குக் காசு குடுக்கத் தேவையில்லை. அறுபத்தைஞ்சு ஆகுதெல்லே."

"ஆருக்கு?"

"உங்களுக்குத்தான். பேர் போட்டு வந்திருக்கு."

அவர் கடிதத்தை வாங்கி, இங்கிலீசில் இருந்த பேரை மட்டும் விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். மருந்துக்கடைக்கு அவரையும் கூட்டிப் போனேன். அங்கே நின்ற வெள்ளைக்காரப் பிள்ளை, பேரை உடைத்து உடைத்து வாசித்துக் கூப்பிட்டாள். ஐயா சடாரென்று பின்னால் திரும்பிப் பார்த்தார். அவள் ஐயாவின் காப்புறுதி அட்டையில் பிறந்த திகதியைக் கண்டு, "ஹாப்பி பர்த்டே" என்று சிரித்தாள்.

"பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லுறா, ஐயா."

"அவர் இல்லையெண்டு சொல்லு, பிள்ளை."

எனக்கு விளங்கவில்லை. வயது போனவரின் தடுமாற்றம் என்று நினைத்து, அவர் நன்றி சொல்வதாக அவளிடம் சொன்னேன். அவள் ஐயாவுக்குக் கை அசைத்தாள்.

ஒரு மாதம் கடந்து ஐயா குளியலறை வாசலில் மூச்செடுக்க ஏலாமல் நிலத்தில் இருந்துவிட்டார். ஆசுபத்திரியில் டொக்டர், குளிசைகளை ஒழுங்காக எடுத்தாரா என்று கேட்டார். ஓம் என்று அடித்துச் சொன்னேன். வீட்டுக்கு உடுப்பு எடுக்க வந்தபோது, அலுமாரிக்குள் மடித்த வேட்டிக்குப் பின்னால் நாலு போத்தல்களும் வரிசையாக இருந்தன. ஒன்றின் மூடியும் திறக்கப்படவில்லை.

ஐயா வீட்டுக்குத் திரும்பி வந்த அன்று, அவரைக் குசினிக் கதிரையில் இருத்தி, போத்தல்களை முன்னால் வைத்தேன். ஏச வேண்டுமென்றுதான் இருந்தேன்.

"எனக்கு முன்னம் ஒரு அண்ணை இருந்தவர்," என்றார். "அவருக்கும் இதே பேர்தான்."

அந்தப் பிள்ளைக்கு இரண்டு வயதில் காய்ச்சல் வந்ததாம். ஊர்காவற்றுறை ஆசுபத்திரிக்கு மாட்டு வண்டிலில் கொண்டு போக, வழியில் புளியங்கூடல் தாண்ட முன்னம் உயிர் போய்விட்டது. அடுத்த வருடம் ஐயா பிறந்தார். போன பிள்ளையே திரும்பி வந்ததென்று அதே பேரை வைத்தார்கள். அண்ணையின் சாவையும் பதியவில்லை, ஐயாவின் பிறப்பையும் பதியவில்லை. பள்ளிக்கூடத்தில் சான்றிதழ் கேட்டபோது வீட்டில் இருந்த அண்ணையின் சான்றிதழைக் கொடுத்தார்கள். வயதுக்கு வளர்த்தி காணாது என்று சொல்லிக்கொண்டே வாத்தியார் பேர் இடாப்பில் எழுதினாராம்.

"அம்மா என்னை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டதேயில்லை. கூப்பிட்டால் ரெண்டு பேரும் திரும்புவினமெண்டு பயம். தம்பி எண்டுதான் கூப்பிடுவா. அண்டைக்கு மருந்துக்கடையில அந்தப் பிள்ளை கூப்பிடேக்க, எனக்குப் பின்னால ஆரோ எழும்பின மாதிரி இருந்தது." போத்தலைத் தள்ளி வைத்தார். "ஒரு சொட்டு மருந்து வாயில படாமல் போன ஆள். இப்பதான் அவற்ர பேருக்கு மருந்து வந்திருக்கு. அதை நான் விழுங்கலாமே?"

நான் ஏசவில்லை. இவ்வளவு காலமும் அவருடைய மகளாக இருந்தும் இது தெரியாமல் இருந்திருக்கிறேன். கணவரிடம் சொன்னபோது அவர் பயந்துபோனார். "வயசை மாத்தப் போனால் எடுப்பிச்ச கடதாசி எல்லாத்தையும் கிண்டுவாங்கள். பேசாமல் இரும்." அவர் சொன்னதிலும் பிழையில்லை. ஆனால் பேசாமல் இருந்தால் ஐயா குளிசை விழுங்கமாட்டார்.

மருந்துக்கடைக்குப் போய், நாலையும் நானே காசு கொடுத்து வாங்குகிறேன் என்றேன். அந்தப் பிள்ளை "ஃப்ரீ, ஃப்ரீ" என்று அட்டையைத் தொட்டுக் காட்டி, அரசாங்கக் காப்புறுதியை முதலிலிருந்து மிகவும் பொறுமையாக விளக்கினாள். எனக்கு விளங்கவில்லை என்று அவள் நினைத்தாள். விளங்கியது என்று சொல்லவும் எனக்கு வழியில்லை. தகப்பனுக்கு விருப்பமில்லை என்று மட்டும் சொன்னேன்.

"இது அரசாங்கம் தந்ததில்லை, ஐயா. நான் வாங்கினது. உங்களுக்கு."

நாலு போத்தலிலும் ஒட்டியிருந்த பேரை அவர் நகத்தால் சுரண்டினார். கடைசி எழுத்தும் போனபிறகு அந்த நேரத்துக்குரிய இரண்டு குளிசையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

ஐயாவின் பேர்தான் இங்கே எனக்குக் குடும்பப் பேர். வேலையிடத்தில் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டால், இப்போது நானும் ஒருமுறை பின்னால் பார்த்துவிட்டுத்தான் எழும்புகிறேன்.

ஒருநாள் அவருடைய உண்மையான பிறந்த திகதியைக் கேட்டேன். அவருக்கு உண்மையாகவே அறுபத்தைந்து ஆகும் வருடத்தில் அரசாங்கத்தின் குளிசையை எடுக்கலாமே என்று நினைத்தேன்.

"திகதி எனக்குத் தெரியாது. சாத்திரியார் எழுதின சாதகத்தில கிடக்கு."

"சாதகம் எங்க?"

"சுருவிலில. பெரிய அலுமாரியின்ர கீழ்த்தட்டில."

ஆமி வருகுதென்று தீவை விட்டுச் சனம் வெளிக்கிட்டபோது, வள்ளத்தில் ஆளுக்கு ஒரு பைதான் ஏற்ற விட்டார்களாம். ஐயா காணி உறுதிப் பத்திரங்களையும் பிறப்புச் சான்றிதழையும் எடுத்தார். "அதுதானே முத்திரை குத்தின கவுண்மேந்துக் கடதாசி," என்றார். அண்ணையின் அந்தக் கடதாசி வள்ளமேறி, பிறகு பிளேனேறி, எங்களோடு வந்து சேர்ந்துவிட்டது. ஐயா பிறந்தார் என்று சொல்கிற ஒரே கடதாசி, ஆமி நிற்கிற ஊரில், ஆளில்லாத வீட்டில், கறையான் மிச்சம் விட்டிருந்தால் இன்னும் கிடக்கும்.