ஒன்பது ஜன்னல், பதினெட்டுத் துளை

அரிசோனாவின் யூமாவில், வீட்டு வண்டிகள் நிற்கும் அந்த முகாமுக்கு யார் புதிதாக வந்தாலும் ஆர்விட் டாலெஃப்சன் கையில் காபியோடு போய் நின்றுவிடுவார். கேட்டாலும் கேட்காவிட்டாலும் யோசனை சொல்லுவார். நார்த் டகோட்டாவில் நாற்பது வருடம் அறுவடை இயந்திரங்களுக்கு அடியில் படுத்துக் கிடந்த மனிதர். ஓய்வு பெற்றதும் வீட்டை விற்று இந்த முப்பத்து நாலு அடி வண்டியை வாங்கினார். முன்னால் ஸ்டியரிங், நடுவில் அடுப்பு, கடைசியில் கட்டில். வாங்கும்போதே அதற்குப் பதினாறு வயது. அதன்பின் இன்னொரு பதினாறு வருடம் ஓடிவிட்டது. அவருக்கும் மனைவி லவோனுக்கும் அதைத் தவிர வேறு வீடு கிடையாது. குளிர்காலம் அரிசோனா பாலைவனத்தில். ஏப்ரல் பாதியில் கிளம்பினால் மொன்டானாவில் ஓர் ஏரிக்கரை. அங்கே கூடாரம் போட வருகிறவர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலை. சம்பளமும் இல்லை, வாடகையும் இல்லை.

புதியவர்களிடம் ஆர்விட் முதலில் பேசுவது ஜன்னலைப் பற்றித்தான்.

"சட்டத்துக்கு அடியில சின்னதா ரெண்டு ஓட்டை தெரியுதா? அத மட்டும் அடைச்சுடாதீங்க. மழை பெஞ்சா தண்ணி சட்டத்துக்குள்ள வரத்தான் செய்யும். வெளிய போக வழி விட்டாப் போதும். அடைச்சீங்கன்னா சுவத்துக்குள்ள இறங்கிடும். அப்புறம் பிளைவுட் ஊறின பிஸ்கட்தான்."

பக்கத்து வண்டி டுவேன், ஐடஹோவில் பள்ளி பஸ் ஓட்டியவர், பின்னால் நின்று வாயசைப்பார். ஒரு சொல் பிசகாது. "பாதிரியார் பிரசங்கத்தை முடிச்சுட்டாரா? உண்டியல் எங்க?" என்பார்.

மார்ச் கடைசியில் இரண்டு நாள் விடாமல் மழை பெய்தது. மூன்றாம் நாள் காலை, சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்து ஜன்னலடியில் துடைத்துக்கொண்டிருந்த லவோனின் கட்டைவிரல் சுவருக்குள் போனது. கேக்கில் போவதுபோல.

"ஆர்விட்! சுவர் ஊறிப்போச்சு."

"கூரைதான். வேற எங்கேந்து வரும்?" என்றவர் ஏணியை எடுத்துக்கொண்டு போனார். அன்று முழுக்கக் கூரைமேல் தவழ்ந்தார். மறுநாளும் தவழ்ந்தார். விரிசல் இல்லை, ஓட்டை இல்லை.

"கூரை பொண்ணு மாதிரி இருக்கு, கிழவி. உன்ன விட இளமை."

"முதல்ல இறங்கு. இடுப்பு உடைஞ்சா இங்க தூக்கிச் சுமக்க ஆள் இல்ல."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் இந்தக் குளிர்காலம் முழுவதும் அவள் அவரைக் கவனித்துக்கொண்டே இருந்தாள். நவம்பரில் தெற்கே வரும்போது, பதினைந்து தடவை வந்த சாலையில் ஒரு முக்கில் வண்டியை நிறுத்திவிட்டு, "இப்ப எந்தப் பக்கம்?" என்று கேட்டார். இடது என்றாள். தூக்கக் கலக்கம் என்று சொல்லிக்கொண்டாள். அப்புறம் ஒரு நாள் கழிவுத்தொட்டிக்குப் பதிலாகக் குடிதண்ணீர்த் தொட்டியைத் திறந்துவிட்டார். வயது என்று சொல்லிக்கொண்டாள். ஒவ்வொன்றுக்கும் அவளிடம் ஒரு பெயர் இருந்தது. வண்டியை ஓட்டுவது அவர். அவளோ ஒரே ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை மூடியிருந்த கடையின் வாசலில் ஓட்டிப் பார்த்து, விளக்குக் கம்பத்தை மோதியதோடு சரி. அவரால் முடியாது என்றால் ஏப்ரல் இல்லை, மொன்டானா இல்லை. மைனாட் ஊரில் இருக்கும் மகளின் இரண்டு அறைக் குடியிருப்பில் இவர்களுக்கு இடமும் இல்லை.

நான்காம் நாள் துணி காயப்போட வெளியே வந்தவள் தற்செயலாக ஜன்னலைப் பார்த்தாள். சட்டத்தின் அடி விளிம்பில் சாம்பல் நிறத்தில், விரிசல் அடைக்கும் பசையால் ஒரு கோடு. சிலிகான். இரண்டு துளைகளும் அதற்குள் மறைந்திருந்தன. அடுத்த ஜன்னலுக்குப் போனாள். அங்கும் அதே கோடு. வண்டியைச் சுற்றி வந்தாள். ஒன்பது ஜன்னல், பதினெட்டுத் துளை, ஒன்று விடாமல் அடைபட்டிருந்தது. அத்தனை சுத்தமான வேலை. ஆர்விட்தான் சிலிகான் பூசியதும் சுண்டுவிரலைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து ஒரே இழுப்பில் வழிப்பார். முடியும் இடத்தில் மீன்வால் போல ஒரு சிறு நெளிவு விழும். உலகத்தில் வேறு யாருக்கும் அது வராது. அவர் கையெழுத்தைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஈரத்துணி தோளில் சொட்டியது.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் குனிந்து நகத்தால் சுரண்டினார். முகம் சிவந்துவிட்டது.

"எந்த மடையன் இதப் பண்ணான்?"

அவள் வாயைத் திறந்தாள். மூடினாள். பிறகு, "நமக்கு முன்னாடி வச்சிருந்தவனா இருக்கும்," என்றாள்.

சிலிகான் புதிதாகப் பளபளத்தது. பதினாறு வருட வெயிலைப் பார்த்த பொருளா அது? பழைய ஆர்விட் என்றால், "உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று கேட்டிருப்பார். கேட்கட்டும், திட்டட்டும் என்று காத்திருந்தாள்.

"அப்பவே நெனச்சேன்," என்றார் ஆர்விட். "அந்த ஆள் முழியே சரியில்ல."

அவள் துணிக்கூடையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் வேலை ஆரம்பித்தது. ஜன்னலைக் கழற்றி மேஜைமேல் கிடத்தினார். உள்சுவரை அறுத்து, கறுத்துப்போன பிளைவுட்டைத் தோண்டி வாளியில் போட்டார். அளவெடுத்தார், புதுப் பலகை வெட்டினார், பொருத்தினார். ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. எந்த ஸ்க்ரூ எந்தத் துளையில் இருந்தது என்று அவர் விரல்களுக்குத் தெரிந்திருந்தது.

டுவேன் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். "ஜன்னல் இருந்த இடத்துல பெரிய ஓட்டை போட்டிருக்கியே, அது தண்ணி வெளிய போறதுக்கா?"

"இல்ல. உன் பேச்சு வெளிய போறதுக்கு."

"லவோன், இந்த ஆளோட எப்படித்தான் குப்பை கொட்டுறே?"

"காது சரியா கேக்காது எனக்கு. அதனாலதான்," என்றாள் அவள். மூன்று பேரும் சிரித்தார்கள்.

மூன்று நாளும் அப்படித்தான் போயின. மதியம் தக்காளி சூப், சாயங்காலம் மரத்தூள் படிந்த கையோடு காபி. ஒன்பது ஜன்னல்களின் சிலிகானையும் சின்னக் கத்தியால் அவரே கீறி எடுத்தார். என்னவோ ஒரு நாள், மனசு எங்கேயோ இருந்தபோது செய்துவிட்டார், அவ்வளவுதான் என்று லவோன் நினைக்கத் தொடங்கினாள்.  ஏப்ரல் பதினைந்து கிளம்பலாம் என்று அவர் சொன்னபோது, காலண்டரில் வட்டம் போட்டாள்.

கடைசியில் சோதனை. அவர் வெளியிலிருந்து ஹோஸால் அடிக்க வேண்டும். அவள் உள்ளே டார்ச்சோடு சுவரைப் பார்க்க வேண்டும்.

"வருதா?" என்று வெளியிலிருந்து கத்தினார்.

"இல்ல! எலும்பு மாதிரி காய்ஞ்சு கெடக்கு!"

ஐந்து நிமிடம் அடித்தார். புதுப் பலகையைத் தடவிப் பார்த்தாள். ஒரு பொட்டு ஈரம் இல்லை. தண்ணீர்ச் சத்தம் நின்றது. அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கி வந்தாள்.

ஆர்விட் ஜன்னலடியில் மண்டியிட்டிருந்தார். வலது துளையிலிருந்து தண்ணீர் நூலாக வழிந்துகொண்டிருந்தது, வழிய வேண்டிய விதத்தில். அவர் கையில் சிலிகானைப் பிதுக்கும் துப்பாக்கி. இடது துளையை அடைத்தாயிற்று. சுண்டுவிரல் சோப்புத் தண்ணீரில் நனைந்திருந்தது.

"பாரு, இங்கதான் ஒழுகுது," என்றார், கண்டுபிடித்த சந்தோஷத்தோடு. "நல்லவேளை பாத்தேன்."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஈர மண் முழங்காலில் ஒட்டியது. துப்பாக்கியை அவர் கையிலிருந்து மெல்ல எடுத்தாள்.

"நான் பண்றேன். நீ போய்க் கொஞ்சம் படு."

"உனக்கு வழிக்கத் தெரியாதே."

"கத்துக்கறேன்."

அவர் உள்ளே போனதும் அந்தச் சிலிகானைத் தன் விரலாலேயே தோண்டி எடுத்தாள். அது இன்னும் காயவில்லை.

செவ்வாய்க்கிழமை மொன்டானாவுக்குப் போன் போட்டு, இந்த வருடம் வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். முகாம் அலுவலகத்தில், வருடம் முழுக்க இருக்க இடம் கேட்டாள். அங்கிருந்த பெண் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "கோடையிலயா? இங்க பல்லியே நிழலத் தேடுமேம்மா," என்றாள். ஆனாலும் இடத்துக்கு ரசீது எழுதிக் கொடுத்தாள்.

ஆர்விட்டிடம்தான் சொல்ல முடியவில்லை. மூன்று முறை வாய்வரை வந்தது. ஒவ்வொரு முறையும் அவர் வரைபடத்தை விரித்து, டயருக்குக் காற்று, பிரேக் ஆயில் என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார். அவள் கடைக்குப் போயிருக்கும்போது தனியாகவே எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாரோ என்ற பயம் வேறு. நெடுஞ்சாலையில் அவ்வளவு பெரிய வண்டி, எந்தப் பக்கம் என்று தெரியாமல் நிற்பது கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தது. வியாழன் மதியம் அவர் கண்ணயர்ந்ததும், அரை அங்குல ஸ்பேனரை எடுத்துப்போய், முன் மூடியைத் திறந்து, பேட்டரி கேபிளைக் கழற்றினாள். அதன் நுனி எதிலும் படாமலிருக்க, கைக்கு அகப்பட்ட சமையலறைத் துணியைச் சுற்றிக் கட்டினாள். நீலக் கட்டம் போட்ட துணி. ஸ்பேனரைத் திரும்ப அவருடைய கருவிப் பையிலேயே வைத்தாள்.

மறுநாள் காலை அவர் இன்ஜினைச் சோதித்துப் பார்க்கச் சாவியைத் திருகினார். சத்தமே இல்லை. இன்னொரு முறை திருகினார். கருவிப் பையோடு இறங்கிப் போய் முன் மூடியைத் தூக்கினார். லவோன் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டு வாசல் படியில் வந்து நின்றாள்.

அவர் வெகு நேரம் குனிந்தே இருந்தார். கட்டம் போட்ட துணியைத் தொட்டார். முடிச்சைத் தொட்டார். ஸ்பேனர் காலடியில் பையிலேயே இருந்தது. பத்து விநாடி வேலை. பையை அவர் பார்க்கவும் செய்தார். பிறகு துணியை நேராக்கி, கேபிளை இருந்த இடத்திலேயே வைத்து, மூடியைச் சத்தமில்லாமல் இறக்கினார்.

"என்ன ஆச்சு?" என்றாள். 

"கிளம்பாது."

"சரி பண்ண முடியாதா?"

"பண்ணலாம்." அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் பழைய ஆர்விட் முழுசாக இருந்தார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. "வேண்டாம், லவோன்."

வந்து அவள் காலடிப் படியில் உட்கார்ந்தார். கையில் ஒட்டிய கிரீஸைக் கால்சட்டையில் துடைத்தார்.

"மொன்டானாவுக்குச் சொல்லணுமே."

"சொல்லிட்டேன். செவ்வாய்க்கிழமை."

தலையை ஆட்டினார். எதிர் வரிசையில், மற்றவர்கள் கிளம்பிப்போய்க் காலியாகத் தொடங்கியிருந்த இடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்கயே இருக்கறதுன்னா கூரைக்கு வெள்ளை அடிக்கணும். இல்லன்னா ஜூன்ல வெந்துடுவோம்."

"அடிச்சுடலாம்."

"நான் அடிக்கறேன். நீ கூடவே நில்லு." அவர் குரல் தாழ்ந்தது. "நான் ஏதாவது தப்பாப் பண்ணா, சட்டுனு கையிலேந்து வாங்கிடு. காரணம் சொல்லிட்டிருக்காதே."

"வாங்கிடறேன்," என்றாள் லவோன். பக்கத்தில் உட்கார இடம் விட்டு அவர் நகர்ந்துகொண்டார்.