மெசின் வைக்க ஓர் இடம்

ஊர்காவற்றுறை இன்னாசித்தம்பிக்குப் பெட்டைகள் இரண்டு பேர். மூத்தவள் கத்தரீனா, இளையவள் ஜசிந்தா. இடையில் பிறந்த ஆண்பிள்ளை ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்ற முன்னமே செத்துப்போய்விட்டது. மூத்தவளுக்கு வீட்டைச் சீதனமாக எழுதி மெலிஞ்சிமுனை வின்சன்றுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். இளையவளுக்குக் கடற்கரைப் பக்கம் ஆறு பரப்புக் காணி. வின்சன்றும் கத்தரீனாவும் பிரான்சுக்குப் போனார்கள். ஜசிந்தாவின் காணி கடற்படையின் முள்ளுக்கம்பி வேலிக்குள் போனது. பிறகென்ன, தமக்கையின் சீதன வீட்டில் தங்கைச்சி குடியிருக்கிறாள். புருஷன் எமிலியானுஸ் கடலுக்குப் போன மனிதர். இடுப்பு விட்ட பிறகு வள்ளத்தை விற்றுவிட்டு வீட்டோடு இருக்கிறார்.

ஜசிந்தாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. கால் மெசின் ஒன்றை வைத்துத் தைக்கிறாள். பாவாடை, தலையணை உறை, செத்தவர்களுக்குப் போடுகிற சட்டை, எல்லாம் தைப்பாள். ஆனால் அவளுடைய பேர் நிற்பது முதல் நன்மைச் சட்டையில். கோயிலில் முதல் நன்மை, அதுதான் முதல் நற்கருணை, வாங்குகிற பெட்டைப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே மாதிரி வெள்ளைச் சட்டை. கன்னியாஸ்திரிகள் துணி வாங்கிக் கொடுக்க, இருபத்திரண்டு வருஷமாக ஜசிந்தாதான் தைக்கிறாள். மற்ற நாளில் அவளைக் 'கத்தரீனாவின் வீட்டைப் பாக்கிற தங்கைச்சி' என்பார்கள். அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் பூசை முடிந்து வருகிற தாய்மார், "ஜசிந்தாக்கா, சட்டை நல்லா விழுந்திருக்குது" என்று பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் வெள்ளை லேஸ் தைக்கிற வேலை அது. வெளிச்சம் இல்லாமல் ஏலாது. மெசின் நின்றது நடு விறாந்தையில். மூன்று வருஷத்துக்கு முன்னம் கத்தரீனா காசு அனுப்பி, மழைச் சாரல் அடியாமல் முன்பக்கம் முழுக்கத் தகரம் இறக்கச் சொன்னாள். மழை நின்றது. அதோடு வெளிச்சமும் நின்றது. ஜசிந்தாவின் வலக் கண்ணில் அந்த வருஷமே வெண்படலம் விழத் தொடங்கிவிட்டது. ஆசுப்பத்திரியில் வெட்டுவதற்குத் திகதி கொடுத்திருந்தார்கள், அது கார்த்திகையில்.

இந்த வைகாசியில் முதல் மூன்று சட்டையும் திரும்பி வந்தன. சிஸ்டர் றொஷானி பையோடு கொண்டுவந்து மேசையில் விரித்தா.

"அக்கா, இந்த ரெண்டு கையையும் பாருங்கோ."

ஜசிந்தா கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. வாசலுக்குக் கொண்டுபோனாள். அப்போதுதான் தெரிந்தது. சற்றின் துணிக்கு ஒரு பக்கம் மினுக்கம், மறுபக்கம் மங்கல். ஒரு கையில் மினுக்கம் வெளியில், மற்றக் கையில் உள்ளுக்கு. மூன்று சட்டையிலும் அப்படியே.

"பதினெட்டுப் பிள்ளையள் இருக்கினம் அக்கா. இன்னும் இருபது நாள். ஏலாதெண்டால் இப்பவே சொல்லுங்கோ, நான் யாழ்ப்பாணத்தில ஒரு கடையில குடுக்கிறன். கோவிக்கக் கூடாது."

"ஏலும் சிஸ்டர்."

சொல்லிவிட்டாள். சிஸ்டர் போன பிறகு கதிரையில் இருந்தவள் எழும்பவில்லை. ஒரு வருஷம் கடைக்குப் போனால் அது கடையோடேயே போய்விடும் என்பது அவளுக்குத் தெரியாதா.

எமிலியானுஸ் பின்னால் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "செத்த ஆக்களுக்குத் தைக்கிறதை மட்டும் தையுமன். அவையள் ஒருத்தரும் கையைத் திருப்பிப் பாத்துக் குறை சொல்ல மாட்டினம்."

"வாயை மூடிக்கொண்டு இந்த மெசினை ஒருக்காப் பிடியுங்கோ."

அன்றைக்கே இடம் மாற்றத் தொடங்கினார்கள். முதலில் குசினி யன்னலடி. அரை நாளில் புகை பட்டு வெள்ளை பழுப்பாக வந்தது. அடுத்தது பின் விறாந்தை. கடல் காற்று துணியைத் தூக்கிக் கிணற்றடிக்குக் கொண்டுபோனது. மூன்றாம் நாள் வேம்புக்குக் கீழே. வெளிச்சம் நல்ல வெளிச்சம்தான், ஆனால் மேலே இருந்த காகம் வேலையைக் காட்டிவிட்டது. பிறகு திரும்பவும் விறாந்தை, மேலே பெரிய லைற். லைற் வெளிச்சத்தில் சற்றின் இரண்டு பக்கமும் மினுங்கியது, எது உள், எது வெளி என்று பிரிக்க முடியவில்லை.

எமிலியானுஸ் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் குந்தினார். "பெருநாளுக்கு மாதா சுருவம் சுத்தின மாதிரி இந்த மெசினை வீடு முழுக்கச் சுத்திப் போட்டம். சுருவமாவது ஒரு சுத்தோடை கோயிலுக்குள்ள போயிடும்." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "கிழக்கு அறையைத் திறவும் இஞ்சேர்" என்றார்.

ஜசிந்தா துணியை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

கிழக்கு அறையின் கதை இதுதான். சமாதான காலத்தில் கத்தரீனா முதல் தரம் வந்தபோது, தாய் வைத்துவிட்டுப் போன சாமானையெல்லாம் எண்ணிப் பார்த்தாள். பூப்போட்ட பீங்கானில் இரண்டு குறைந்தது. ஆட்கள் இருக்கத்தக்கதாக, "வீட்டில இருக்கிற ஆளைத் தானே கேக்க வேணும்" என்றாள். ஊரே ஓடி, கூரையே இல்லாமல் கிடந்து திரும்பின வீடு. எந்தப் பீங்கான் எங்கே போனது என்று யாருக்குத் தெரியும். சண்டை முடிந்து இரண்டு வருஷத்தால் கத்தரீனா திரும்பவும் வந்தாள். புதுச் செற்றி, மெத்தை, சீலைப் பெட்டி, தாயின் அலுமாரி, கலியாணப் படங்கள், எல்லாவற்றையும் கிழக்கு அறையில் அடுக்கி, "பென்சனோடை நாங்கள் இஞ்சதான் வந்து இருக்கப் போறம்" என்று சொல்லிப் பூட்டித் திறப்பைத் தங்கையின் கையில் வைத்தாள். அன்றைக்கு மடு மாதா மேல் ஆணையிட்டாள் ஜசிந்தா, இந்த அறைக்குள் ஒரு காலம் கால் வைக்க மாட்டேன் என்று. பதின்மூன்று வருஷம் வைக்கவில்லை. திறப்பைத் துடைத்து எண்ணெய் பூசி வைப்பாள். பூட்டைத் தொட மாட்டாள்.

வீட்டில் காலமை வெயில் நேரே விழுகிற யன்னல் அந்த அறைக்கு மட்டும்தான்.

மூன்று நாள் யோசித்து நாலாம் நாள் பிரான்சுக்குப் போன் எடுத்தாள்.

"அக்கா, ஒரு மூலை மட்டும் போதும். யன்னலடியில. உங்கடை ஒண்டையும் தொட மாட்டன்."

"விறாந்தை காணாதோ உனக்கு? அவ்வளவு பெரிய விறாந்தை."

"இருட்டக்கா."

"இருட்டெண்டால் லைற்றைப் போடன்."

"போட்டுப் பாத்திட்டன்."

அந்தப் பக்கம் கதிரை இழுபடுகிற சத்தம். பிறகு பெருமூச்சு. "சரி. ஆனால் நான் பாக்க வேணும். வீடியோவில வந்து, என்ரை கண்ணுக்கு முன்னாலை திற. எது எங்கை இருக்கெண்டு எனக்கு மனப்பாடம்."

அப்படித்தான் திறந்தது. எமிலியானுஸ் போனைத் தூக்கிப் பிடித்தார். அதற்குள் கத்தரீனா மூக்குக் கண்ணாடியோடு. ஜசிந்தா உள்ளுக்குள் மாதாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திறப்பைப் போட்டாள். திறப்புச் சுற்றியது, பூட்டும் விட்டது. கதவைத் தள்ள, கதவின் கீழ்ப்பாதி பிட்டு உதிர்ந்த மாதிரி உதிர்ந்தது.

"என்ன சத்தம்? என்ன விழுந்தது? போனை நேராப் பிடியுங்கோ!"

ஜசிந்தா தட்டித் தடவிப் போய் யன்னலைத் திறந்தாள். வெயில் வந்தது. வந்த வெயிலில் எல்லாம் தெரிந்தது. சுவர் வழியே கை மொத்தத்துக்குக் கறையான் மண். அலுமாரி நின்றது, ஆனால் அது மண்ணால் நின்றது. விரல் பட்டதும் பக்கப் பலகை மடிந்து விழுந்தது. செற்றியில் துணி மட்டும் மிச்சம், உள்ளே ஒன்றுமில்லை. சீலைப் பெட்டிக்குள் ஈரமண். கலியாணப் படத்தில் கண்ணாடியும் சட்டத்தின் ஆணியும் இருந்தன, மாப்பிள்ளையும் பொம்பிளையும் இல்லை.

கத்தரீனா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பவும் போட்டுப் பார்த்தாள். பிறகு கத்தினாள்.

"மாதத்துக்கு ஒருக்காத் திறந்து காத்துப் பட விடு எண்டு சொன்னனான் எல்லோடி!"

"நீங்கள் அப்பிடிச் சொல்லேல்லை அக்கா. ஒருத்தரும் கை வைக்கக் கூடாதெண்டு தான் சொன்னனீங்கள்."

"கை வைக்காதை எண்டால் கறையான் திங்க விடு எண்டோ அர்த்தம்? வீட்டுக்குள்ள இருக்கிறாய், பதின்மூண்டு வருசமா ஒரு மணமும் அடிக்கேல்லையோ உனக்கு? மூக்குமோ பழுதாப் போச்சு?"

"உள்ளுக்குப் போனால் பிறகு அது குறையுது இது குறையுது எண்டு வரும். அதாலைதான் போகேல்லை."

போன் நின்றுவிட்டது. எமிலியானுஸ் அதைச் சேட்டுப் பைக்குள் போட்டார். "இப்ப ஒண்டும் குறையேல்லை" என்றார். "எல்லாம் கறையானின்ரை வயித்துக்குள்ள பத்திரமா இருக்குது."

ஜசிந்தாவுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அந்த அறைக்கு முன்னால் படுத்தெழும்பி, வருகிற போகிறவர்களை உள்ளே விடாமல், பிள்ளைப்பேற்றுக்கு வந்த சொந்தத்துக்குக்கூட இடமில்லை என்று சொல்லி, காவல் காத்தது இந்த மண்ணைத்தான். வாசலிலேயே இருந்துவிட்டாள்.

இரண்டு நாள் பிரான்சிலிருந்து சத்தமில்லை. அறையும் அப்படியே கிடந்தது. சொந்தக்காரி சொல்லாமல் ஒரு பலகையை எடுத்து வெளியில் போட ஜசிந்தாவுக்கு மனம் வரவில்லை. அந்த இரண்டு நாளும் விறாந்தை வாசலில் வைத்து ஒரு சட்டையைத் தைத்தாள், பிரித்தாள், தைத்தாள்.

மூன்றாம் நாள் வின்சன்ற் எடுத்தார். எப்போதும் சத்தமாகக் கதைக்கிற மனிதர், அன்றைக்குத் தணிந்த குரலில் கதைத்தார்.

"ஜசிந்தா, எல்லாத்தையும் வெளியில எடுத்துக் கொழுத்தி விடும். நான் சொல்லுறன்."

"அக்கா என்ன சொல்லுறா அத்தான்?"

"அவ ஒண்டும் சொல்ல மாட்டா. எனக்குக் கிழமைக்கு மூண்டு தரம் இரத்தம் சுத்தம் செய்யிற அலுவல், உமக்குத் தெரியுந்தானே. நான் இனி எங்கை பிளேன் ஏறுறது? டொக்டர் சொல்லி ரெண்டு வருசம். அது அவவுக்கும் தெரியும். அந்த அறை பூட்டிக் கிடக்கும் மட்டும் நாங்கள் வருவம் எண்டு கிடந்தது, அவ்வளவுதான். நீர் உம்மடை மெசினைப் போடும்."

ஜசிந்தா "ஓம் அத்தான்" என்றாள்.

பன்னிரண்டு நாள் மிச்சம். முதல் இரண்டு நாளும் மண் அள்ளுவதிலேயே போனது. எமிலியானுஸ் குந்தியிருந்து அள்ள, அவள் ஓலைக் கடகத்தில் கொண்டுபோய்க் கொட்டினாள். தாயின் அலுமாரியில் கைபிடி மட்டும் மிஞ்சியது, பித்தளை. கொழுத்துகிறபோது அவள் பக்கத்தில் நிற்கவில்லை, தண்ணீர் அள்ளப் போய்விட்டாள். நிலத்தைக் கழுவி, சுவர்க் கரைக்குக் கழிவு ஒயில் பூசி, மேலே சுண்ணாம்பு அடித்தார்கள். கடைசியில் சுவரில் சாய்ந்துகொண்டு, "இவ்வளவு பாடு பட்டதுக்கு ரெண்டு வள்ளம் கட்டியிருக்கலாம்" என்றார் மனிதர்.

யன்னலடியில் மெசின், வெயில் இடத் தோளால் விழுகிற மாதிரி. இடக் கண்தான் நல்ல கண். அதற்குப் பக்கத்தில் வெட்டுகிற மேசை. வள்ளத்துப் பலகை இரண்டை இரண்டு மரக்கால்களில் போட்டு, கால்களை ரின்பால் பேணிக்குள் இறக்கிப் பேணியில் ஒயில் விட்டார் எமிலியானுஸ், இனி ஒரு கறையானும் ஏறாது. நூல்கட்டைகளுக்குச் சுவரில் ஆணி. பொத்தானுக்கு ஜாம் போத்தல். வெட்டின கைகளைக் குவித்து வைத்தால் திரும்பவும் மாறிப்போகும் என்று, ஒவ்வொன்றின் மங்கல் பக்கத்திலும் நீலச் சோக்கால் ஒரு கோடு போட்டு, இடக் கை ஒரு பெட்டி, வலக் கை ஒரு பெட்டி என்று பிரித்தாள். தைத்து முடிந்த சட்டைகளைக் கொளுவ, மீன் பிடிக்கிற தங்கூசி நூலை இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் இழுத்துக் கட்டினார் மனிதர். உதிர்ந்த கதவைக் கழற்றினதால் வாசல் வெறும் வாசலாக இருந்தது.

மண் அள்ளின கைக்கு ஊசி பிடிபட ஒரு நாள் சென்றது. மண் சுமந்த நாரியின் உளைவு தணியவேயில்லை. விடிந்து ஏழு மணியிலிருந்து பதினொரு மணி மட்டும்தான் நல்ல வெயில். அதற்குள் லேஸ் வேலை, பிறகு ஓரம் மடிக்கிறது, பொத்தான். நாளுக்கு இரண்டு சட்டை, சில நாள் ஒன்று.

ஆறாம் நாள் சிஸ்டர் றொஷானி வந்தா. திரும்பி வந்து பிரித்துத் தைத்த மூன்றோடு சேர்த்து, தங்கூசியில் தொங்கின ஒன்பது சட்டையையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தா. கையைப் பார்த்தா, கழுத்தைப் பார்த்தா, விளிம்பைப் பார்த்தா.

"சரி அக்கா. நான் கடைக்காரருக்கு வேண்டாமெண்டு சொல்லுறன்."

அப்போ கடைக்காரரிடம் ஏற்கெனவே கேட்டுத்தான் வைத்திருந்திருக்கிறா. ஜசிந்தா பொத்தான் போத்தலை மூடினாள். "அடுத்த வருசமும் நீங்கள் தான்" என்று சிஸ்டர் சொன்னதற்கு, "கண் வெட்டினாப் பிறகு பாப்பம் சிஸ்டர்" என்று மட்டும் சொன்னாள். தேத்தண்ணி ஊற்றக்கூட எழும்ப ஏலாமல் இருந்தது.

அதற்கு அடுத்த நாள் காலமை, மெசினுக்குப் பக்கத்தில் இருந்த போன் அடித்தது. கத்தரீனா.

"அத்தான் சொன்னவர். ஒருக்காக் காட்டு."

ஜசிந்தா போனைத் திருப்பிக் காட்டினாள். யன்னல், மேசை, தொங்குகிற வெள்ளைச் சட்டைகள். மூலை மூலையாக, மெதுவாக. தமக்கை எங்கே எதைத் தேடுகிறாள் என்று அவளுக்குத் தெரியும். அலுமாரி நின்ற மூலையில் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்தாள்.

"அம்மான்ரை அலுமாரியில ஒண்டும் இல்லையோ?"

"கைபிடி கிடக்குதக்கா. எடுத்து வச்சிருக்கிறன்."

"ம்." மூக்கைச் சிந்துகிற சத்தம். பிறகு அதே பழைய அதிகாரக் குரலைத் தேடி எடுத்துக்கொண்டு, "என்னடி கதவில்லாமல் கிடக்குது? நல்ல கதவொண்டு செய்விக்கட்டோ? பூட்டோடை?"

"வேண்டாமக்கா."

"துணிமணி கிடக்கிற அறை."

"கிடக்கட்டும். அக்கா, வெயில் போகப் போகுது. இன்னும் எட்டுச் சட்டை இருக்குது. நான் வைக்கிறன்."

மற்றப் பக்கம் என்ன சொன்னது என்று கேட்க அவள் நிற்கவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முந்தின நாள் பின்னேரம் அயர்ந்துபோய்த் தைத்துவைத்த சட்டையை யன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். இடக் கை மினுங்கியது. வலக் கை மங்கலாக, நீலச் சோக்குக் கோட்டோடு வெளியில் கிடந்தது. நல்ல வெயிலில் அது நன்றாகத்தான் தெரிந்தது. ஜசிந்தா சவர பிளேட்டை எடுத்து, தோள்மூட்டிலிருந்து ஒவ்வொரு தையலாகப் பிரிக்கத் தொடங்கினாள்.