ஒற்றனுக்கு ஒரு பேணித் தண்ணீர்

எனக்குப் படிக்கக் கிடைத்த முதல் கதைகளுக்குத் தலையும் இருக்கவில்லை, வாலும் இருக்கவில்லை. எல்லாம் சீனி சுற்றி வந்தவை. அப்பா தெற்கே ஒரு பட்டினத்தில் கடை வைத்திருந்தார். நானும் அம்மாவும் வேலணைத் தீவில் அம்மாவின் தகப்பனார் வீட்டில் இருந்தோம். அவரை வீடு முழுக்க அப்பு என்றுதான் கூப்பிடும். சந்திக் கடையில் சீனி வாங்கினால் பழைய வாரப் பத்திரிகைத் தாளைக் கிழித்துச் சரையாகச் சுற்றித் தருவார்கள். சீனி போத்தலுக்குள் போனதும் தாள் எனக்கு. ஒரு தாளில் இளவரசி மயங்கி விழுவாள். அவள் எழும்பினாளா இல்லையா என்பது வேறு யாரோ வீட்டு மல்லியோடு போயிருக்கும்.

தாள்களில் நிறையத் தெரியாத சொற்கள் வரும். நான் யாரையும் கேட்கமாட்டேன். பெரியவர்கள் கேட்டதற்குச் சரியான பதில் சொல்வார்கள் என்ற நம்பிக்கை எனக்கு அந்த வயதிலேயே இல்லை. ‘சந்தேகப் பிராணி’ என்று அம்மா பேசுவார். தெரியாத சொல் என்பது வீட்டுக்கு வந்த புது ஆளைப் போல. அவரிடமே போய் ‘நீங்கள் ஆர்’ என்று கேட்டால் தனக்கு வேண்டியதைத்தான் சொல்வார். அவருக்கு முன்னும் பின்னும் நிற்பவர்களைப் பார்த்தால் ஆள் இன்னார் என்று பிடித்துவிடலாம். இதுதான் என் வழி.

வழி எப்போதும் நேராகப் போனது என்று சொல்லமாட்டேன். ‘அரசி வைராக்கியம் கொண்டு, உண்ணாமல் உறங்காமல் கட்டிலில் கிடந்தாள்’ என்று ஒரு தாளில் இருந்தது. வைராக்கியம் என்பது வயிற்றைப் பிடிக்கும் ஒரு வருத்தம் என்று முடிவுகட்டினேன். அடுத்த கிழமை அம்மா பித்தம் ஏறிச் சாப்பிடாமல் படுத்திருந்தபோது, வந்த பரியாரியாரிடம், “அம்மாவுக்கு வைராக்கியம்” என்று சொன்னேன். அந்த மனுசன் மருந்துப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

“அதுக்கு என்னட்டை மருந்தில்லை மோனை. கொப்பர் கடையைப் பூட்டிப்போட்டு வந்தால்தான் மாறும்.”

நான் சொன்னதைச் சிரிக்காமல் கேட்கிற ஒரே ஆள் சின்னம்மா. அம்மாவின் கடைசித் தங்கை. அவர் சோதனை பாஸ் பண்ணி, ஆசிரியப் பயிற்சிக் கலாசாலைக்கு எடுபட்டிருந்தார். போக அப்பு விடவில்லை. “கலியாணம் முடியட்டும். பிறகு மாப்பிளையைக் கேட்டுப் போ” என்பார். சின்னம்மா எதிர்த்துக் கதைக்கமாட்டார். தையல் மெசினில் போய் இருந்துவிடுவார். அந்த நாட்களில் மெசின் அடிக்கிற அடியில் வீடு அதிரும்.

எங்கள் வளவில் இரண்டு கிணறுகள் இருந்தன. பின்னால், ஆட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில், சவர்க் கிணறு. அதன் தண்ணீர் உப்புக் கரிக்கும், குளிக்கவும் உடுப்புத் தோய்க்கவும்தான். முன்னால் இருந்தது நல்ல தண்ணிக் கிணறு. தீவில் நல்ல தண்ணீர் சும்மா விஷயமில்லை. வைகாசி பிறந்தால் அயலட்டைப் பெண்கள் குடங்களோடு எங்கள் வாசல் படலையில் நிற்பார்கள். எந்தப் பெண்ணுக்கும் அப்பு இல்லையென்று சொன்னதில்லை. ஆனால் ‘எங்கட கிணறு’ என்று சொல்லாமல் ஒரு குடத்தையும் நிரப்ப விட்டதுமில்லை.

ஒரு நாள் அப்பு அம்மாவிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது.

“கிணத்தடி வளவைக் குடுக்கிறன் எண்டு சொல்லிப்போட்டன். அவை ஆளனுப்பிப் பாப்பினம். நாங்கள் ஒண்டும் தெரியாத மாதிரி இருக்கவேணும்.”

யாருக்குக் கொடுக்கிறார்? ஏன் ஒன்றும் தெரியாத மாதிரி இருக்கவேண்டும்? கிணறு போய்விட்டால் நாங்களும் குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்தவன் படலையில் நிற்கவேண்டுமே. அன்று முழுக்க அம்மாவின் முகத்தையும் அப்புவின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தேன். இருவரும் என்னைக் கண்டதும் கதையை ஆட்டுக்குக் குழை வெட்டுவதற்கு மாற்றிவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் எனக்கு ‘ஒற்றன்’ கிடைத்தான். அரைக் கிலோ சீனி சுற்றிய தாள். ‘ஒற்றன் வளையல்காரன் வேடத்தில் கோட்டைக்குள் நுழைந்தான். அவன் கண்கள் வளையல் வாங்க வந்த பெண்கள் மேல் இல்லை, மதிலின் மேல் இருந்தன. தாகமென்று தண்ணீர் கேட்டுக் கிணற்றடியில் சற்று நின்றான்’ என்ற இடத்தில் தாள் கிழிந்துவிட்டது. மறுபக்கத்தில் தலைவலித் தைலத்துக்கு விளம்பரம்.

இவ்வளவு போதும் எனக்கு. சொல்லும் காரியம் ஒன்று, பார்க்கும் காரியம் வேறு. கண் மதிலில், கால் கிணற்றடியில். இப்படிப்பட்டவன் நல்லவனாக இருக்கமாட்டான். தாளைக் கொண்டுபோய்ச் சின்னம்மாவுக்கு வாசித்துக் காட்டி விளக்கமும் சொன்னேன். அவர் மெசினில் இருந்தபடியே கேட்டார்.

“அப்ப ஒற்றன் வந்தால் கோட்டைக்காரர் என்ன செய்யவேணும்?”

“நல்லதை ஒளிச்சுப்போட்டுக் கூடாததைக் காட்டவேணும். அப்பதான் உந்தக் கோட்டை வேண்டாமெண்டு போவான்.”

மெசின் நின்றது. சின்னம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். “எடியே, நீ வலு விண்ணி, சரியான கெட்டிக்காரி” என்றார். பிறகு கனநேரம் மெசின் ஓடவில்லை. ஊசியில் நூல் அறுந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை விடிந்ததும் வீடே எனக்குச் சந்தேகமாகப் பட்டது. கோயிலில் ஒரு விசேஷமும் இல்லை. ஆனால் அப்பு தோய்த்த வேட்டி கட்டி, சால்வை போட்டு, காலையிலேயே விறாந்தைக் கதிரையில் வந்து இருந்தார். அம்மா அலுமாரிக்குள் இருந்த பீங்கான் கோப்பைகளை எடுத்துக் கழுவினார். கிணற்றுக் கட்டுக்குச் சுண்ணாம்பு பூசியிருந்தது. சின்னம்மாவை நல்ல சீலை உடுக்கச் சொன்னார்கள். “ஆர் வருகினம்?” என்று அம்மாவைக் கேட்டேன். “ஒருத்தரும் வரேல்லை, போய் விளையாடு” என்றார். பாருங்கள், ஒருவரும் வராத வீட்டில் பீங்கான் கோப்பை!

பத்து மணி பஸ்ஸில் அவர் வந்தார். குடையும் சால்வையும் பளபளவென்ற சப்பாத்துமாக ஒரு பட்டணத்துப் பெரியவர்.

“ஆர் ஐயா, ஆரைத் தேடுறியள்?” என்று கேட்ட அப்புவின் ஆச்சரியத்தைப் பார்த்தால் நானே நம்பியிருப்பேன்.

“வீட்டுக் கூரைக்குக் கொஞ்சம் பனைமரம் தேவைப்படுது. இஞ்சாலை தறிக்கிற மரம் கிடக்குமோ எண்டு விசாரிச்சு வந்தனான்.”

“வாருங்கோ, இருங்கோ.”

நான் தூணோடு ஒட்டிக்கொண்டு அவருடைய கண்ணையே பார்த்தேன். வளவைச் சுற்றி இத்தனை பனை நிற்கிறது, அவர் ஒரு பனையைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. கூரை வளையைப் பார்த்தார். சுவரில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்தார். வேலி எங்கே முடிகிறது என்று பார்த்தார். பிறகு எழும்பி, காலாற நடக்கிற மாதிரி கிணற்றடிக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து இருந்தார். வந்து என்ன கேட்டார் என்று நினைக்கிறீர்கள்?

“வெயில்தானே. ஒரு மிடறு தண்ணி தாருங்கோவன்.”

சரைத் தாளில் இருந்து எழும்பி வந்த மாதிரி ஆள்!

அப்பு உள்ளே பார்த்து, “பிள்ளை, தண்ணி கொண்டு வா” என்று சின்னம்மாவைக் கூப்பிட்டார். நான் அதற்கு முன் குசினிக்குள் ஓடினேன். அம்மா பின்வாசலுக்கு வெளியே தேத்தண்ணிக்கு அடுப்பு ஊதிக்கொண்டிருந்தார். சின்னம்மா நல்ல சீலையோடு, தலையை விரித்துவிட்டு நின்றார்.

“நான் இன்னும் தலை இழுக்கேல்லை. நீ கொண்டுபோய்க் குடு” என்றார். போகிற போக்கில் திரும்பி, “கவனம், குசினி வாசலிலை கிடக்கிற குடத்திலை அள்ளிப்போடாதை. அது சவர்த் தண்ணி” என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனார்.

குடத்துக்கு மேலே தண்ணீர் குடிக்கிற, மூக்கு வைத்த பித்தளைப் பேணி கவிழ்த்து வைத்திருந்தது. எனக்கு யோசிக்க நேரமே வேண்டியிருக்கவில்லை. நல்லதை ஒளித்துவிட்டுக் கூடாததைக் காட்டவேண்டும். கடவுளே என்று பேணி முட்ட அள்ளிக்கொண்டு நடந்தேன்.

மூக்குப்பேணியில் உதடு படாமல், அண்ணாந்து வாய்க்குள் ஊற்றித்தான் குடிக்கவேண்டும். ருசி தெரிவதற்கு முன்னமே முக்கால்வாசி தொண்டைக்குள் போய்விடும். அவருக்கும் அதுதான் நடந்தது. கண் இரண்டும் பிதுங்கின. துப்பவும் ஏலாது, சபை மரியாதை. ஒருமாதிரி விழுங்கிவிட்டுச் சால்வையால் வாயைத் துடைத்தார்.

“நல்ல தண்ணி” என்றார்.

“எங்கட கிணறு” என்றார் அப்பு.

பச்சைப் பொய் சொல்கிறான் பாவி என்று எனக்கு விளங்கிவிட்டது. ஒற்றன் என்பதற்கு இனி வேறு சாட்சி வேண்டாம். தேத்தண்ணியை ஆறவிட்டு, பனையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

கொஞ்ச நாள் கழித்துத் தரகர் வந்தார். விறாந்தையில் சத்தம் எழும்பியபோதுதான் சங்கதி எனக்குத் தெரியவந்தது. சின்னம்மாவுக்கு ஒரு பட்டணத்து மாப்பிள்ளை பேசியிருக்கிறார்கள். கிணற்றடி வளவு சீதனம். பெண் வீட்டுக்குப் பகிரங்கமாக வருவதற்கு முன்னால், வீடுவாசல் சொன்னபடி இருக்கிறதா என்று வேறு சாட்டில் ஆள் அனுப்பிப் பார்ப்பது வழக்கம். வந்தவர் மாப்பிள்ளையின் பெரிய தகப்பன்.

“நல்ல தண்ணிக் கிணறெண்டு சொன்னியளாம். அதுக்குக் கடல் தண்ணி திறமெண்டு சொல்லுகினம்” என்றார் தரகர். “கிணத்திலையே பொய் சொன்னவை மற்றதிலை என்னத்தைச் சொல்லுவினமோ எண்டு யோசிக்கினம்.”

அப்பு கிணற்றடிக்கு ஓடினார். அள்ளி அள்ளிக் குடித்தார். அம்மாவைக் குடிக்கவைத்தார், தரகரைக் குடிக்கவைத்தார். பிறகு அவருடைய கண் பக்கத்து வளவுக்குப் போனது. அந்த வளவுக்காரரோடு எல்லை வேலிச் சண்டை இருந்தது.

“வேலியை அரை முழம் தள்ளி அடைச்சவன் கிணத்துக்கை உப்புக் கொட்டமாட்டானோ?”

அந்த மனிதரையும் வேலிக்கு மேலால் கூப்பிட்டு ஒரு செம்பு கொடுத்தார். அவர் குடித்துவிட்டு, “நல்ல தண்ணிதானே அண்ணை” என்றார். “பாத்தியே, நடிக்கிறான்!” என்றார் அப்பு.

தரகர் இன்னொரு முறை அவர்களைக் கூட்டிவருவதாகச் சொன்னார். அப்பு மறித்துவிட்டார். தன் சொல்லை நம்பாத வீட்டுக்குப் பெண் கொடுக்க ஏலாது என்றார். அம்மா அழுதார். சின்னம்மா அறைக்குள் இருந்தார். எனக்குப் பயமும் வரவில்லை, வெட்கமும் வரவில்லை. கிணறு தப்பியதே! அது ஒன்றுதான் மனதில் நின்றது. இவ்வளவு பெரிய வேலையைச் செய்தும் ஒருவரும் என்னை ஏனென்று கேட்கவில்லையே என்று சாடையான கோபம் மட்டும் இருந்தது.

கலாசாலை தொடங்கும் நாள் நெருங்கியது. வேறு மாப்பிள்ளை ஒன்றும் பேசி வரவில்லை. அப்பு வேலியைப் பார்த்துக்கொண்டு, “போறதெண்டால் போ. போய்ப் படி” என்றார்.

பஸ் ஏறும்போது சின்னம்மா எல்லோரோடும் அழுதார். என்னிடம் மட்டும் குனிந்து, காதுக்குள், “கோட்டையைக் கவனமாப் பார், என்ரை குஞ்சு” என்று சொல்லிக் கன்னத்தைப் பிடித்துக் கொஞ்சினார். பேணிக் கதையை நான் ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை. இவருக்கு எப்படித் தெரியும் என்று ஒரு கணம் தட்டியது. அதற்குள் பஸ் வெளிக்கிட்டுவிட்டது. நான் கையைக் காட்டத் தொடங்கிவிட்டேன்.

அந்தப் பெரியவரைச் சந்தேகித்தேன். அம்மாவையும் அப்புவையும் சந்தேகித்தேன். உப்பைப் பற்றிக் கேட்டபின் பக்கத்து வளவுக்காரரையும் கொஞ்சம் சந்தேகித்தேன். சவர்த் தண்ணீரை எங்கள் வீட்டில் எவரும் எந்த நாளும் குசினிக்குள் கொண்டுவந்ததில்லை என்பது மட்டும் எனக்கு அன்றைக்கு ஞாபகம் வரவில்லை. அந்தச் சனிக்கிழமை மட்டும் ஒரு குடம் முட்ட வந்து வாசலில் இருந்தது. மேலே பேணி கவிழ்த்திருந்தது. எதில் அள்ளக்கூடாது என்று எனக்குச் சொல்லியும் இருந்தது. முன்னும் பின்னும் நின்ற எல்லாம் கண்முன்னேதான் நின்றன. கோட்டையை நான் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன். உள்ளே இருந்த ஒருத்தி வெளியே போவதற்காகக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறோம் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது.