ஆதார் நகல் கேட்டு வந்தவர்

அந்த மாதத்தில் நாலாவது தடவையாகப் பெரியநாயகம் ஒண்டிக்கடை முக்கில் இருக்கும் ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தபோது பென்னிக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது. மனுஷன் எதற்கோ அடி போடுகிறார்.

"ஏத்தத்துல இழுக்க மாட்டேங்குதுங்க. கொஞ்சம் பாருங்க" என்றார், பெற்ற பிள்ளையிடம்.

பென்னி மெக்கானிக். வயது முப்பத்தொன்று. கரடியூரில் எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் பெரியநாயகத்தின் மூத்த மகள் என்று வளர்க்கப்பட்டவன். தான் ஆண் என்பதைப் பத்தொன்பது வயதில் வீட்டில் சொன்னான். அன்றைக்கே அப்பா கதவைச் சாத்தினார். அடுத்த மாதம் ரேஷன் கார்டிலிருந்து பெயரையும் எடுத்துவிட்டார். மலையிறங்கிச் சேலத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் படுத்துக் கிடந்து தொழில் கற்றான். திருநம்பி என்று அடையாள அட்டை வாங்கினான், ஆதாரில் பென்னி ஆனான். மூன்று வருஷத்துக்கு முன் மலைக்குத் திரும்பியபோது ஸ்பேர் பார்ட்ஸ் கடை அப்துல் சமது தன் இடத்தில் பாதியைக் கொடுத்து, 'பென்னி டூவீலர்ஸ்' என்று அவரே போர்டும் எழுதி மாட்டினார்.

அம்மா அற்புதம் போன சேதியை ஒரு வாடிக்கையாளர் சொல்லித்தான் தெரிந்துகொண்டான். கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே, ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்று பார்த்துவிட்டு வந்தான்.

ஸ்பார்க் பிளக் இந்தத் தடவையும் லூஸ். முந்தின மூன்று தடவையும் இவன் முறுக்கி விட்டதுதான். தானாகக் கழன்றிருக்க வழியே இல்லை. நிமிர்ந்து பார்த்தான். பெரியநாயகத்தின் விரல் இடுக்கில் கிரீஸ் கறுப்பாக ஒட்டியிருந்தது.

"நீங்களே கழட்டிட்டு வர்றீங்களா?"

அவர் ரோட்டைப் பார்த்தார். "உங்க ஆதார் நகல் ஒண்ணு வேணுங்க" என்றார்.

இதுதானா விஷயம்? தங்கை ஜெஸ்லினுக்குக் கரடியூர் வீட்டை எழுதி வைக்கப் போகிறார். நாளைக்கு இவன் பங்கு கேட்டு வந்து நிற்கக்கூடாது. அதற்கு ஒரு கையெழுத்து. பென்னிக்கு எல்லாம் விளங்கிய மாதிரி இருந்தது.

"எதுக்குன்னு சொல்லாம தர மாட்டேனுங்க."

அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"ஏன் தம்பி, பெத்தவருதானே?" என்றார் சமது.

"காரியம் இல்லாம வர்ற ஆளில்லீங்க பாய்."

மறுநாள் காலை அவர் திரும்ப வந்தார். இந்தத் தடவை வண்டி இல்லை, பஸ்ஸில் வந்திருந்தார். மடித்த தாள் ஒன்றை ஒர்க் டேபிள்மேல் வைத்தார். பென்னி கையைத் துடைத்துவிட்டு வாங்கினான். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கும் விண்ணப்பம். ரைட்டருடைய குண்டு எழுத்து. பெயர்: பென்னி. குடும்பத் தலைவருக்கு உறவு: மகன்.

தாளைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் வெறுமை. இரண்டாம் முறை முதலிலிருந்து படித்தான். வேறு தாள் எதையாவது கீழே மறைத்து வைத்திருக்கிறாரா என்று அவர் சட்டைப்பையையும் ஒரு பார்வை பார்த்தான்.

"பேரை எடுத்தது நான். நாந்தானே சேக்கணும்" என்றார் பெரியநாயகம். "எப்பிடிச் சொல்றதுன்னு தெரியலை. நொம்ப நாளாச்சு."

பென்னி நகலைக் கொடுத்தான். ஆனால் தனியாக விடவில்லை. கூடவே வட்ட வழங்கல் அலுவலகத்துக்குப் போனான். வேறு எங்கும் கையெழுத்துப் போடச் சொல்கிறாரா என்று பார்க்கவேண்டுமே. அங்கே அலுவலர் தாளைப் படித்துவிட்டு, "இவரு யாருங்க?" என்று கேட்டார். வரிசையில் கரடியூர்க்காரர்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள்.

"எம் பையனுங்க. மூத்தவன்" என்றார் பெரியநாயகம், அவர்களுக்கும் கேட்கும்படி.

பென்னிக்குக் காது சுட்டது.

நாலு வாரத்தில் கார்டு வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து, பன்னிரண்டு வருஷத்துக்கு அப்புறம் பென்னி அந்த வீட்டுக்குள் போனான். ஜெஸ்லின் சேலத்திலிருந்து வந்து கறி சமைத்திருந்தாள். "உக்காருண்ணா" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள், ஒத்திகை பார்த்திருப்பாளோ என்று அவனுக்குத் தோன்றியது. சாப்பிடும்போதும் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தான். எதுவும் அகப்படவில்லை.

"இன்னுங் கொஞ்சம் சோறு போட்டுக்க, சாமி" என்றார் அப்பா.

பென்னி தட்டை நீட்டினான்.