கறுப்பு டயல் கடிகாரம்

கோயம்புத்தூரில் அப்போது கையில் நாலு காசு மிஞ்சினவர்கள் தங்கம் வாங்கினார்கள், இல்லாவிட்டால் ஊருக்கு வெளியே சைட் வாங்கிப் போட்டார்கள். நான் பழைய கைக்கடிகாரம் வாங்கினேன். பம்புசெட் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் வேலை. சம்பளத்தை மீறிய கிறுக்கு என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். ஊரே பேட்டரி கடிகாரத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. சாவி கொடுத்து ஓடுவதற்குத்தான் நாளைக்கு மதிப்பு என்று வீட்டில் அடித்துச் சொல்லியிருந்தேன்.

தொண்ணூற்று நான்கில், சூலூரில் ஒரு பழைய ராணுவத்துக்காரர் வீட்டிலிருந்து கறுப்பு டயல் கடிகாரம் ஒன்று கிடைத்தது. இருட்டில் மணி தெரிவதற்காக எண்களில் ரேடியம் பூசியிருந்தார்கள். ஒளி எப்போதோ செத்துப்போய், பூச்சு உதிர்ந்துகொண்டிருந்தது. கடையில் கிடைக்கிற வெள்ளைப் பெயின்ட்டைப் புதிதாகப் பூசினால் விலை ஏறும் என்று நினைத்தேன். பழசை அப்படியே விட்டால்தான் மதிப்பு என்பதுகூடத் தெரியாத மேதாவி நான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேஜையில் டயலைக் கழற்றி வைத்து, பழைய பூச்சை ஊசியால் சுரண்டினேன். தூளைப் பிரஷால் கூட்டி, வாயால் ஊதித் தள்ளினேன். எதிரே என் மனைவி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது ஐந்து மாசம். பெயின்ட் டப்பாவைத் திறந்தேன். நான் பூசினால் கோழி கிளறின மாதிரி இருக்கும் என்று கேலி செய்துவிட்டு, தூள் கூட்டிய அதே பிரஷை வாங்கிக்கொண்டாள். வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவள். ஊசியில் நூல் கோக்கும்போது நுனியை உதட்டில் வைத்து ஈரப்படுத்துவது அவள் பழக்கம். பிரஷ் முனையையும் அப்படியே உதட்டில் வைத்துக் கூராக்கினாள். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு தடவை. பன்னிரண்டும் அச்சடித்த மாதிரி வந்தன.

மூன்று வாரம் கழித்து, பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய வெளிநாட்டுக் கடிகாரப் பத்திரிகை ஒன்றைப் புரட்டினேன். டயலுக்கு ரேடியம் பூசும் வேலை பார்த்த பெண்களைப் பற்றி அதில் எழுதியிருந்தது. பிரஷை உதட்டில் வைத்துக் கூராக்கியதால் பலருக்குத் தாடை எலும்பு அரித்துப்போனதாம். ஒளி போனாலும் விஷம் போகாதாம், பல நூறு வருஷத்துக்கு. நம்மூரில் சைக்கிள் மட்கார்டில் ஒட்டுகிற ஸ்டிக்கருக்கும் ரேடியம் என்றுதான் பெயர்; அந்த வார்த்தைக்கு யார் பயந்தார்கள்? தூள் கூட்டிய பிரஷைத்தான் என் மனைவி பன்னிரண்டு தடவை உதட்டில் வைத்திருந்தாள்.

தெரிந்த கல்லூரி வாத்தியார் ஒருவரிடம், யாருக்கோ நடந்ததுபோலக் கேட்டேன். கொஞ்சம் தூள்தானே, ஒன்றும் ஆகாமலும் போகலாம், வயிற்றுப் பிள்ளையைப் பற்றி மட்டும் இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார். மனைவியிடம் சொல்லவில்லை. பிள்ளை பெறப் போகிறவளைப் பயமுறுத்தக் கூடாது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவள் முகத்தைப் பார்க்கத்தான் பயம். திருடனுக்குத் தேள் கொட்டிய கதையாக வாயை மூடிக்கொண்டு நாலு மாசம் ஓட்டினேன். வாயில் சின்னப் புண் வந்தது என்று அவள் சொன்ன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. விரல்களை மூன்று தடவை எண்ணினேன். குறை ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் அவள் குழந்தைக்கு முத்தம் கொடுக்கும்போதெல்லாம் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

குழந்தைக்கு நாலு மாசமானபோது, என்னைப்போலவே கடிகாரப் பைத்தியமான லேத் பட்டறைக்காரர் ஒருவர் அந்தக் கறுப்பு டயலைக் கேட்டு வந்தார். நான் வாங்கியதைப்போல மூன்று பங்கு கொடுக்கத் தயார். சனியன் தொலைந்தால் போதும் என்று எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"பூச்சு புதுசாட்ட இருக்குதுங்ணா. இதச் சொரண்டிப்போட்டு நானே பழைய மாதிரி பண்ணிக்கறேன். எங்க பாப்பா மடியில ஒக்காந்து வேடிக்க பாக்கும்."

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, என் மனைவி காபி டம்ளரை அவர் முன்னால் வைத்துக்கொண்டிருந்தாள். அவரிடம் சொன்னால் அவளிடமும் சொன்னதாகிவிடும். சொல்லாவிட்டால் இன்னொரு வீட்டு மேஜையில் இன்னொரு குழந்தை. பணத்தை வாங்கி அனுப்பிவிடத்தான் முதலில் நினைத்தேன். அதை மறைக்க மாட்டேன்.

"அதச் சொரண்டாதீங்க. அடியில இருக்கற பழைய தூளு வெசமுங்க. வாயில போனா எலும்ப அரிச்சுப்போடும்" என்றேன்.

அவர் கடிகாரத்தை மெதுவாக மேஜையில் வைத்தார். காபியைத் தொடாமலே விடைபெற்றுக்கொண்டு போனார்.

"நான் வாயில வெச்சப்பவே தெரியுமாங்க?" என்று கேட்டாள் மனைவி.

"அப்பத் தெரியாது. மூணு வாரங் கழிச்சுத் தெரிஞ்சுது."

அவள் திட்டியிருந்தால் தேவலை. சேலைத் தலைப்பை எடுத்துக் குழந்தையின் கன்னத்தைத் துடைத்தாள். பிறகு நெற்றி, உள்ளங்கை, உதடு. மறுபடியும் கன்னம். விளையாட்டு என்று நினைத்துக் குழந்தை கெக்கலித்துச் சிரித்தது. அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள்.