பூதக்கண்ணாடியாரின் வலது கண்

இடது கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, வலது கண்ணை மைக்ராஸ்கோப்புல ஒட்டவச்சு உட்கார்ந்திருக்காரு பூதக்கண்ணாடி. ரத்தப் பரிசோதனைக் கூடத்துல எல்லாரும் சேர்ந்து வச்ச பேரு. முப்பது வருஷமா ஒத்தைக் கண்ணாலயே பார்த்துப் பார்த்து, கடிகாரத்தைப் பார்த்தாக்கூட இடது கண்ணு தானா மூடிக்கும். பஸ்ஸுல ஒரு அம்மா, கண்ணடிக்கிறாருன்னு நினைச்சு செருப்பைக் கழட்டினதும் உண்டு.

பேச்சும் தனி தினுசு. மூக்கால ஒரு "ம்ஹும்" போட்டுட்டுத்தான் ஆரம்பிப்பாரு. ரத்த அணு எல்லாம் 'அவன்'; கிருமிக்கு மட்டும் மரியாதை. "ம்ஹும்... அவரு வந்துட்டாருய்யா!"ன்னா மலேரியான்னு அர்த்தம்.

ரெண்டு வாரத்துக்கு முன்னாடி லென்ஸே இல்லாத பெட்டி ஒண்ணு வந்து இறங்கிச்சு. டிபன் டப்பா அளவு. மேல குட்டி விளக்கு, அடியில செல்போன் கேமராவுல இருக்கிற மாதிரி ஒரு சிப்பு, நடுவுல ரத்தம் தடவின ஸ்லைடு. அணுக்களோட நிழல் சிப்பு மேல வட்டம் வட்டமா விழும். கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு அதைப் படமாக்கி, மலேரியா இருக்கா இல்லையான்னும் திரையில சொல்லிடும்.

"ம்ஹும்... லென்ஸ் இல்லாம பார்க்குதாமா? நாளைக்கு வாய் இல்லாம சாப்பிடச் சொல்லுவாங்க."

டாக்டரம்மா ஒரு போட்டி வச்சாங்க. நூறு பேரு ரத்தம். பெட்டி தனியா பார்க்கணும், இவரு தனியா பார்க்கணும். ஒருத்தர் முடிவு இன்னொருத்தருக்குத் தெரியக் கூடாது.

கூடத்துல யாருக்கும் தெரியாத சங்கதி வேற ஒண்ணு. அந்த வலது கண்ணுல ஒரு வருஷமா புரை. இடது கண்ணுக்கோ வேலையே பழக்கமில்லை. அதனால பஞ்சு எடுக்கிற சாக்குல பெட்டிப் பக்கம் போவாரு, திரையை ஒரு நோட்டம் விடுவாரு, திரும்பி வந்து அஞ்சு நிமிஷம் மைக்ராஸ்கோப்புல குனிஞ்சு கிடப்பாரு. அப்புறம் "ம்ஹும்" போட்டு, பெட்டி சொன்னதையே சொல்லுவாரு.

எண்பது ஸ்லைடு முடிஞ்சுது. எண்பதுக்கு எண்பது. டாக்டரம்மா பூரிச்சுப் போயிட்டாங்க. "சார், அச்சு அசல் உங்களை மாதிரியே பார்க்குது இது! அடுத்த மாசத்துலேருந்து நீங்க டோக்கன் குடுக்கிற சீட்டுல நிம்மதியா உட்காரலாம்." பார்த்து எழுதின பையன், எழுதிக் காட்டின பையனுக்கு முழு மார்க் வாங்கிக் குடுத்த கதையாயிடுச்சு.

வீட்டுக்காரம்மா யோசனை சொன்னாங்க. "ஒண்ணு ரெண்டை மாத்திச் சொல்லித் தொலையுங்களேன். பெட்டி தப்புன்னு ஆயிடும்ல?"

"ரத்தம் யாரோடதுடி? உங்க அப்பன் வீட்டுதா?"ன்னு எரிஞ்சு விழுந்தாரு.

இன்னைக்குக் காலையில எண்பத்தொண்ணும் எண்பத்திரெண்டும் மலேரியான்னுச்சு பெட்டி. இவரும் ஆமான்னாரு. ஒருத்தரு வாத்தியாரு, இன்னொருத்தங்க ஏழு மாசக் கர்ப்பிணி. சீட்டு எழுதி மருந்து வாங்க அனுப்பியாச்சு. எண்பத்திமூணும் மலேரியா. வழக்கம்போல பஞ்சுக்குப் போனவரு அப்படியே நின்னுட்டாரு. திரையோட மேல் மூலையில சாஞ்சாப்புல ஒரு நீளப் புள்ளி; அதைத்தான் கிருமின்னு காட்டுது பெட்டி. அடச்சே, முன்னாடி ரெண்டுலயும் அதே மூலை, அதே சாய்வு!

விரல் நகத்தால ஸ்லைடை லேசா நெட்டினாரு. அணுக்கூட்டம் நகர்ந்துச்சு. புள்ளி நகரலை. ரத்தத்துல இல்லை அது. சிப்பு மேல ஒட்டின தூசி.

பெட்டியைக் கவுக்க நல்ல சந்தர்ப்பம். ஆனா ரெண்டு பேருக்கு அவரும்ல ஆமாம் போட்டிருக்காரு.

"அங்க என்ன சார் பண்றீங்க?" கதவுக்கிட்ட டாக்டரம்மா.

"மேடம், மருந்துக் கவுண்டருக்கு போன் போடுங்க. அந்த ரெண்டு பேருக்கும் மாத்திரை குடுக்க வேண்டாம். மறுபடி பார்க்கணும். இது தூசி."

"அவங்களுக்கு மலேரியான்னு நீங்களும்தானே சொன்னீங்க? மைக்ராஸ்கோப்புல பார்த்துத்தானே சொன்னீங்க?"

பூதக்கண்ணாடி, மைக்ராஸ்கோப்பு முன்னாடி கிடந்த தன்னோட நாற்காலியை, கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி தரையில கிறீச்சுன்னு இழுத்துட்டு வந்து, இத்தனை நாளா திருட்டுத்தனமா நோட்டம் விட்ட பெட்டியோட திரைக்கு நேரா போட்டு உட்கார்ந்தாரு.