ஜிபூட்டியில் வழி தவறிய நாள்

என் அப்பா சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களைப் புதுச்சேரியில் இன்றும் அப்படித்தான் சொல்வோம். நான் இரண்டாம் வகுப்பு படித்தபோது அவருக்கு ஆப்பிரிக்காவில் ஜிபூட்டிக்கு மாற்றல் வந்தது. அம்மாவையும் என்னையும் புதுச்சேரி உப்பளத்து வீட்டிலிருந்து கூடவே அழைத்துப் போனார். ஆற்றைத் தாண்டி அரியாங்குப்பம் போவதையே பெரிய பயணமாக நினைத்த அம்மா, முறுக்கு டின்னை மடியில் வைத்துக்கொண்டு விமானத்தில் உட்கார்ந்திருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நண்பரிடம் ஜீப்பை இரவல் வாங்கி, எங்களை உப்பு ஏரி பார்க்கக் கூட்டிப்போனார் அப்பா. திரும்பும்போது குறுக்கு வழி என்று ஒரு தடத்தில் திருப்பினார். புதுச்சேரியில் எந்தச் சந்து எங்கே முடியும் என்று தெரிந்தவருக்குப் பாலைவனமும் அப்படித்தான் இருக்கும் என்ற எண்ணம். வழியில் காற்று கிளம்பியது. மணல் எழுந்து எல்லாவற்றையும் மூடியது. அடங்கியபோது தடத்தைக் காணோம். ஜீப்பின் பின்சக்கரங்கள் பாதி புதைந்திருந்தன. அப்பா தோண்டத் தோண்ட அவை இன்னும் கீழே போயின.

அன்றிரவு ஜீப்பிலேயே படுத்தோம். எனக்கு அது கொண்டாட்டமாகவே இருந்தது. விடிந்ததும் அப்பா பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார்.

“பாப்பாவ பாத்துக்க. ரோடு பக்கத்துலதான் இருக்கணும். ஆள கூட்டிகினு வந்துடறேன்.”

அம்மா எழுந்துபோய் அவர் முன்னால் நின்றாள். “தொலைஞ்சு போனா வண்டிய விட்டு நகரவே கூடாதுன்னு நேத்து நீங்கதான சொன்னீங்க? வண்டி தூரத்துலேந்து தெரியும், ஆளு தெரிய மாட்டாங்கன்னு.”

“தண்ணி தீரப் போவுது, புரியுதா உனக்கு?”

“புரியுது. அதுக்குத்தான் சொல்றேன். இருந்தா மூணு பேரும் இங்கயே இருப்போம்.”

அப்பா உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். அவர் உதடு துடித்தது. அம்மாவிடம் தோற்ற கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா தன் ஆரஞ்சுப் புடவையை அவிழ்த்து ஜீப்பின் மேல் விரித்துக் கட்டினாள். அப்பாவின் பழைய சட்டையோடும் பாவாடையோடும் அவளைப் பார்த்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பா ஜீப்பின் கண்ணாடியைக் கழற்றி வெயிலைத் தொலைவுக்குத் திருப்பிக்கொண்டிருந்தார். வெயில் ஏறியதும் ஜீப்பின் அடியில் மணலைப் பறித்து, மூவரும் அசையாமல் படுத்தோம். நான் முறுக்கு கேட்டு அழுதேன்.

“முறுக்கு தின்னா தண்ணி தவிக்கும், கண்ணு. சும்மா படு” என்றாள் அம்மா.

தண்ணீர் தீர்ந்தது. அப்பா உபரி டயரைத் தூரமாக உருட்டிப்போய்ப் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினார். கரும்புகை நேராக மேலே போயிற்று. அம்மா என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த எல்லாச் சாமிகளையும் கூப்பிட்டாள்; கடைசியில் அப்பா வீட்டார் கும்பிடும் மாதாவையும் கூப்பிட்டாள்.

புகையைப் பார்த்து ஒட்டகங்களோடு ஒருவர் வந்தார். கூடவே அவர் மனைவியும் என் வயதில் ஒரு பெண்ணும். அந்த அம்மாள், நாங்கள் யார், என்ன என்று எதுவும் கேட்கவில்லை. தோல்பையை அவிழ்த்து, கிண்ணத்தில் ஊற்றி, என் தலையைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தாள். தண்ணீரில் தோல் வாடை அடித்தது. அத்தனை ருசியாக நான் எதையும் குடித்ததில்லை. பிறகு அம்மாவுக்கு, கடைசியில் அப்பாவுக்கு. அவர் கிண்ணத்தை இரண்டு கைகளாலும் வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டார்.

அந்த மனிதர் ஒட்டகத்தில் போய்ச் சாலையில் தகவல் சொல்லியிருக்கிறார். பொழுது சாயும் முன் ராணுவ வண்டி வந்தது. தண்ணீர் கொடுத்தவர்களின் பெயரைக்கூடக் கேட்டுவைக்கவில்லை என்று அப்பா இன்றும் சொல்வார். வெயில் காலத்தில் எங்கள் வீட்டு வாசலில் யார் வந்து நின்றாலும், முதலில் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் என்ன விஷயம் என்று கேட்போம்.

அன்று அந்தத் தண்ணீரை நான் குடித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் தன் அம்மாவின் துணியைப் பிடித்து இழுத்தாள். அம்மாக்காரி அவள் கையை மெல்ல விலக்கிவிட்டு, எனக்கு மறுபடியும் ஊற்றினாள். கடைசிச் சொட்டு வரை அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் பூப்போட்ட கவுனைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்து, அவளுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று அதை இழுத்துவிட்டுக்கொண்டேன்.